கனூவைத் தண்ணீரில் இறக்குமுன்

கேள்வி: இருவர் அமரும் கனூ (துடுப்பால் ஓட்டும் சிறுபடகு) ஒன்று வாங்கியிருக்கிறோம். வார இறுதிகளில் நிலாவெளிக் களப்பிலும் கந்தளாய்க் குளத்திலும் ஓட்ட ஆசை. மகாவலி கடலில் விழும் மூதூர்ப் பக்கமும் போகலாமா? எல்லாம் பொது நீர்நிலைகள்தானே, யாரிடமாவது அனுமதி கேட்க வேண்டுமா? (உப்புவெளி வாசகர்)

பொது நீர்நிலைதான். ஆனால் அந்த வாதம் உங்களுக்குக் கைகொடுக்காது. பொது ஏரிகள், ஆறுகளின் நீரைப் பயன்படுத்தும் உரிமையும் நிர்வகிக்கும் உரிமையும் 1947ஆம் ஆண்டின் அரச காணிகள் கட்டளைச் சட்டப்படி அரசுக்கு உரியவை. 'யார் தடுப்பது?' என்று கரையில் நின்று சண்டை பிடிப்பதைவிட, அந்த நீர் யார் பொறுப்பில் இருக்கிறது என்று விசாரிப்பது மேல். அந்தப் பொறுப்பாளர் இடத்துக்கு இடம் மாறுவார்.

கந்தளாய்க் குளம் நீர்ப்பாசனத் திணைக்களத்தின் பொறுப்பில் இருக்கிறது. வயலுக்குப் பாய்வதோடு, திருகோணமலை நகரின் குடிநீரும் அங்கிருந்தே வருகிறது. 1986 ஏப்ரல் 20 அன்று அதன் கட்டு உடைந்து நூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். கட்டின்மேல் அந்நியர் நடமாடுவதை ஊழியர்கள் விரும்பாவிட்டால் அதில் வியப்பில்லை. பொறியியலாளர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேளுங்கள். எந்த இடத்தில் இறங்கலாம் என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். அனுமதி கிடைத்தாலும் நீரைத் திறந்துவிடும் துருசுக்கும் மிகைநீர் வெளியேறும் வான் கதவுக்கும் அருகே போகவே வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் நீர் அடியில் இழுத்துக்கொண்டிருக்கும். ஊர்ச் சிறுகுளம் என்றால் கமநல சேவை நிலையத்திலும் விவசாயிகள் அமைப்பிலும் பேசுங்கள்.

களப்பின் கதை வேறு. அங்கே துடுப்புப் போடுவதைவிடக் கரையில் நீங்கள் செய்யும் வேலைதான் சிக்கலைக் கொண்டுவரும். கடலோடு தொடுப்புள்ள களப்புகளும் 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வருகின்றன. கனூவை இறக்க வசதியாக நாலு கண்டல் மரங்களை வெட்டுவது, மண் கொட்டித் துறை அமைப்பது, கோடையில் மூடிக்கிடக்கும் களப்பு வாயின் மணல் திட்டை வெட்டிவிடுவது எதையும் செய்யாதீர்கள். வாய் எப்போது திறக்கிறது என்பதைப் பொறுத்தே உப்பின் அளவும் இறாலின் வரவும் அமைகின்றன.

அலுவலகம் எதுவானாலும், களப்பில் நான் முதலில் கேட்கச் சொல்வது மீனவர் சங்கத்தைத்தான். வலை எங்கே கட்டியிருக்கிறது, எத்தனை மணிக்கு இழுப்பார்கள் என்று அவர்களுக்கே தெரியும். உங்கள் துடுப்பு கிழித்துவிட்டுப் போகும் வலை ஒரு வீட்டின் அன்றாட வருமானம். அவர்கள் 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் திரும்பிவிடுங்கள்.

மூதூர்ப் பக்கம் உங்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆற்று முகத்துவாரங்களில் உவர்நீர் முதலை உண்டு. கனூவின் விளிம்பு நீர்மட்டத்துக்கு மிக அருகே இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். தெற்கே சேருவில – அல்லைப் பகுதி 1970இலிருந்து சரணாலயம். அங்கே போக நினைத்தால் முதலில் வனஜீவராசிகள் திணைக்களத்தில் கேளுங்கள். துறைமுகத்துக்குள்ளும் சீனன்குடாப் பக்கமும் கடற்படை, விமானப்படை, துறைமுக அதிகாரசபை எல்லாம் இருக்கின்றன. கேட்காமல் நுழைந்தால் விளக்கம் சொல்லவே பொழுது போய்விடும்.

தென்மேற்குப் பருவத்தின் கச்சான் காற்றும் கவனத்துக்குரியது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை அது நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும். வாய் திறந்திருக்கும் களப்பில் களைத்துப்போனவர்களை அது வெளியே தள்ளிவிடும். காலையிலேயே போய், காற்று எழுமுன் திரும்புங்கள். உயிர்காப்பு அங்கி இல்லாமல் ஏறாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். என் கணக்கில் அதுதான் பெரியது. நீர்க்களையான ஆகாயத்தாமரை பரவுவதைத் தடுக்க இலங்கையில் 1909இலேயே தனிச் சட்டம் போட்டார்கள். சல்வீனியா என்ற மிதக்கும் களை 1939இல், தாவரவியல் கற்பிப்பதற்காகக் கொழும்புக்குக் கொண்டுவரப்பட்டது. வகுப்பறைக்கு வந்த செடி நாட்டின் குளங்களையும் வாய்க்கால்களையும் மூடியது. அதற்கு விதை தேவையில்லை. உடைந்த துண்டு ஒன்றே போதும். அடர்ந்து மூடினால் கீழே வெளிச்சமும் ஒட்சிசனும் குறைந்து மீன் சாகும். ஒரு குளத்திலிருந்து இன்னொன்றுக்கு அந்தத் துண்டைச் சுமந்துபோக உங்கள் கனூ மிகப் பொருத்தமான வாகனம்: இருக்கையின் அடி, கயிற்று முடிச்சு, துடுப்பின் பிடி என்று ஒளிந்துகொள்ள எத்தனையோ இடம்.

ஆகவே கரையேறியதும் உள்ளே தேங்கிய நீரை அங்கேயே கவிழ்த்து ஊற்றுங்கள். ஒட்டியிருக்கும் இலை, வேர், சேறு எல்லாவற்றையும் கையால் எடுத்துவிடுங்கள். வீட்டு முற்றத்தில் கழுவி, கழுவிய நீர் வாய்க்காலில் சேராமல் மண்ணில் வடிய விடுங்கள். கயிறும் இருக்கைப் பஞ்சும் முழுதாகக் காயும்வரை வெயிலில் கிடக்கட்டும். சனிக்கிழமை கந்தளாயில் ஓட்டிய கனூவை ஞாயிறு வேறொரு குளத்தில் இறக்க வேண்டாம். அடுத்த வாரம் போங்கள்.