வீட்டு நீச்சல் குளத்தைச் சுற்றி எந்தத் தரை போடலாம்?

குளத்து வேலை முடியப்போகிறது, சுற்றிலும் கிரானைட்டா, டைல்ஸா, மரப்பலகையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஒரு தடவை தப்பாகப் போட்டு, பாதியைப் பெயர்த்து மறுபடி போட்டவன் நான். அந்தத் தகுதியில் சொல்கிறேன்.

கடையில் கல்லை நிழலில் நின்று கையால் தடவிப் பார்க்கிறோம். வீட்டில் அதன் மேல் படப்போவது ஈரமான வெறுங்கால், அதுவும் உச்சி வெயிலில். நான் கோட்டை விட்டது இங்கேதான். பாலிஷ் போட்ட கல் வழுக்கும் என்பது வரைக்கும் எனக்குத் தெரிந்திருந்தது, அதனால் மேற்பரப்பைத் தீயால் சுட்டுச் சொரசொரப்பாக்கிய ஃபிளேம்டு கிரானைட் எடுத்தேன், கால் நன்றாகவே பிடித்தது, ஆனால் நிறம் அடர் சாம்பல். நீலத் தண்ணீருக்குப் பக்கத்தில் என்ன அழகு! முதல் கோடையில், மதியம் குளத்தை விட்டு ஏறிய பிள்ளைகள் ரெண்டு எட்டு வைத்துவிட்டு அலறிக்கொண்டு திரும்பத் தண்ணீருக்குள்ளேயே குதித்தார்கள்.

ஆகவே வெளிர் நிறம். அதற்காகச் சுத்த வெள்ளைக்குப் போகாதீர்கள், கண் கூசும். மணல் நிறம், வெளிர் சாம்பல் போதும்.

டிராவர்டைன் என்கிற துளைகள் உள்ள இயற்கைக் கல், சுண்ணாம்புக்கல் இரண்டையும் பலர் சொல்வார்கள். வெளிர் நிறத்தில் கிடைக்கும், காலுக்கும் இதம், உண்மைதான். ஆனால் தண்ணீரின் பிஎச், அதாவது அமில-காரத்தன்மையைக் காட்டும் அளவு, ஏறினால் அதைக் குறைக்க ஊற்றுகிற ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டுச் சிந்தினாலும் அந்த இடம் பொங்கி அரித்துவிடும். உங்களுடையது உப்பிலிருந்து குளோரின் எடுக்கும் குளம் என்றால் இன்னும் யோசிக்க வேண்டும். உப்புத் தண்ணீர் கல்லின் துளைகளில் இறங்கும், வெயிலில் காயும்போது உப்பு உள்ளேயே படிகமாகி, மேல்தோலைச் செதில் செதிலாகத் தள்ளிவிடும். மென்மையான மணற்கல்லுக்கும் இதே கதிதான். போதாததற்கு அந்த மாதிரிக் குளங்களில் பிஎச் ஏறிக்கொண்டே போகும், அமிலமும் அடிக்கடி தேவைப்படும்.

இரண்டாவது தடவை நான் போட்டது 20 மி.மீ. தடிமனுள்ள போர்சலின் டைல்ஸ். 0.5 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சாது, உப்பும் அமிலமும் அதை அவ்வளவு லேசில் தொட முடியாது. வாங்கும்போது, வழுக்காத தன்மைக்கு ஆர்11 தரம் என்று கடைக்காரர் சொல்லி முடித்துக்கொள்வார். அது ஷூ போட்டுக்கொண்டு எண்ணெய்த் தரையில் நடந்து பார்த்த அளவு. நமக்கு வேண்டியது வெறுங்கால் சோதனை, அதில் ஏ, பி, சி என்று மூன்று வகுப்பு உண்டு. குளத்தைச் சுற்றிலும் குறைந்தது பி, தண்ணீருக்குள் இறங்கும் படிக்கு சி.

மரப்பலகை சுகமாகத்தான் இருக்கும், வருடா வருடம் எண்ணெய் பூசப் பொறுமை இருந்தால் போடுங்கள். செயற்கைப் புல் வெயிலில் கொதிக்கும். சரளைக்கல் வேண்டவே வேண்டாம், அத்தனையும் தண்ணீருக்குள்தான் போய்ச் சேரும்.

அப்புறம் ஒன்று, கல்லைவிட எனக்கு அதிகத் தலைவலி கொடுத்தது அதைப் பதித்த விதம். விளிம்புக் கல்லுக்கும் வெளித்தரைக்கும் நடுவே சுமார் 10 மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் மாதிரி இழுபடும் சீலன்ட்தான் நிரப்ப வேண்டும், ஏனென்றால் குளமும் தரையும் வெயிலுக்கும் மண்ணுக்கும் தகுந்தபடி தனித்தனியாக அசையும். என் மேஸ்திரி அதைச் சிமென்ட்டால் அடைத்துவிட்டார், நானும் பக்கத்தில் நின்று தலையாட்டினேன். ஒரே வருடத்தில் விளிம்பு நெடுக விரிசல். வாட்டத்தையும் குளத்துக்கு எதிர்ப்பக்கமாக, மீட்டருக்கு ஒன்றிரண்டு சென்டிமீட்டர் கொடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் மழையில் மண்ணும் சருகும் நேராகக் குளத்துக்குத்தான்.

முடிவெடுக்கும் முன் பிடித்த கல்லில் இரண்டு மூன்று துண்டு வாங்கி வெயிலில் போட்டு, மதியம் 2 மணிக்கு வெறுங்காலோடு ஏறி நில்லுங்கள், பிறகு தண்ணீர் ஊற்றி, சன்ஸ்கிரீன் கொஞ்சம் தடவி, ஒரு ஓரத்தில் அமிலமும் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நான் பெயர்த்தெடுத்த சாம்பல் கிரானைட் வீணாகவில்லை, பின்பக்கம் மர நிழலில் நடைபாதையாகக் கிடக்கிறது, அங்கே அது ஜோராகத்தான் இருக்கிறது.