கிறிஸ்தவத்தில் 'இளைப்பாறுதல்' என்றால் என்ன? பாரத்தை எப்படி இறக்கி வைப்பது?

கவலையையும் குற்றவுணர்வையும் தனியாகச் சுமக்காமல் கடவுளிடம் ஒப்படைக்கும்போது கிடைக்கும் ஆறுதல்தான் இளைப்பாறுதல். பைபிளின் மத்தேயு நூலில் 11:28-ஆம் வசனத்தில், பாரஞ்சுமக்கிற எல்லாரையும் இயேசு தம்மிடம் அழைத்து அதைத் தருவதாகச் சொல்கிறார். மதத் தலைவர்கள் பாரமான சுமைகளைக் கட்டி மனிதர் தோள்மேல் வைப்பதை 23:4-இல் கண்டிக்கிறார். ஆகவே இது பக்தியைக் காட்டிச் சம்பாதிக்க வேண்டிய ஓய்வல்ல. எனக்கு இதுவே பெரிய நிம்மதி.

பழைய சாலையோரச் சுமைதாங்கிக் கல் தோள் உயரத்துக்கு இருக்கும். கைகொடுக்க ஆளில்லாவிட்டாலும் தலைச்சுமையை அப்படியே அதன்மேல் இறக்கிவிடலாம். ஜெபமும் அப்படித்தான். கடன், நோய், பிள்ளையைப் பற்றிய பயம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி இறக்கி வையுங்கள். நாளைக்கே மறுபடி கனத்தால் மறுபடி வாருங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை.

விசுவாசித்தால் கஷ்டமே வராது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் 11:28-க்கு அடுத்த வசனத்திலேயே இயேசு தம் நுகத்தை ஏற்கச் சொல்கிறார். நம் பொறுப்புகள் நீங்கிவிடுவதில்லை, ஆகவே மருத்துவரையும் பாருங்கள், கடனையும் கட்டுங்கள்.