டிஸ்க் விலகலுக்கு ஆபரேஷன் இல்லாத டிகம்ப்ரஷன் சிகிச்சை உண்மையிலேயே பலன் தருமா? 20 சிட்டிங் பேக்கேஜுக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி கேட்டவருக்கு 38 வயது. எல்5-எஸ்1 இடத்தில், அதாவது முதுகெலும்பின் அடிப்பகுதியில், ஜவ்வு (டிஸ்க்) பிதுங்கி, வலது காலில் கெண்டைச்சதை வரை இழுக்கிறது. கூடவே கழுத்திலும் வலி உண்டு என்கிறார். 20 சிட்டிங்குக்கான தொகையை மொத்தமாக முன்னாலேயே கட்டச் சொல்கிறார்களாம்.

நான் கோவைப் பக்கம் பிசியோதெரபிஸ்ட்டாக இருக்கிறேன், முதுகை மெஷினால் இழுத்துவிடும் டிராக்‌ஷன் மேசை என் அன்றாட வேலை. மொத்தமாகக் கட்டாதீர்கள் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இந்தச் சிகிச்சையில் இடுப்பில் ஒரு பெல்ட், நெஞ்சுக்கூட்டைச் சுற்றி ஒரு பெல்ட். மேசையின் கீழ்ப்பாதி தனியாக நகரும். மோட்டார் கொஞ்ச நேரம் இழுத்துப் பிடிக்கும், பிறகு தளர்த்தும், மறுபடி இழுக்கும். முதுகெலும்புகளுக்கு நடுவே இடைவெளி கூடினால் டிஸ்குக்குள் அழுத்தம் குறையும், பிதுங்கியது உள்ளே போகும் என்பது கணக்கு. டிகம்ப்ரஷன் என்று பெயர் போட்ட மெஷினில் கம்ப்யூட்டர் உண்டு, இழுவிசையை அளந்து மெதுவாக ஏற்றி இறக்கும், தசை விறைத்துக்கொள்ளாது என்பார்கள். நல்ல மெஷின்தான். ஆனால் பழைய டிராக்‌ஷனுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் சாதா கிரைண்டருக்கும் டில்டிங் கிரைண்டருக்கும் உள்ளதுதான், அரைபடுவது அதே மாவு. விளம்பரத்தில் 'எஃப்.டி.ஏ அங்கீகாரம்' (அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் அமைப்பு) என்று போட்டிருப்பார்கள். அந்த அனுமதியே இது ஏற்கெனவே சந்தையில் இருக்கும் மோட்டார் டிராக்‌ஷன் கருவிக்கு நிகரானது என்ற அடிப்படையில் கொடுக்கப்பட்டதுதான்.

இந்த அலையைத் தொடங்கி வைத்தது வாக்ஸ்-டி என்ற மேசை. அதை உருவாக்கிய ஆலன் டயர், கனடாவின் ஒன்டாரியோ மாகாணச் சுகாதாரத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்தவர். 1994இல் வந்த ஓர் ஆய்வில், அந்த மேசையில் படுத்தவர்களின் டிஸ்குக்குள் குழாய் செலுத்தி அளந்தபோது அழுத்தம் பூஜ்யத்துக்கும் கீழே மைனஸ் 100 மி.மீ. பாதரசத்தைத் தாண்டி இறங்கியது. இன்றும் பல கிளினிக் நோட்டீஸ்களில் 'நெகட்டிவ் பிரஷர்' என்று வருவது இதிலிருந்துதான். அளக்கப்பட்டவர்கள் ஒரு கைவிரல்களுக்குள் அடங்குவார்கள் என்பதை நோட்டீஸில் போடமாட்டார்கள். சரி, அழுத்தம் இறங்கியது உண்மை என்றே வைத்துக்கொள்வோம். மேசையை விட்டு இறங்கி நின்றால் என்ன ஆகும்? படுத்திருக்கும்போது இருப்பதைப் போல நிற்கும்போது டிஸ்க் அழுத்தம் ஏறக்குறைய 5 மடங்கு. மேசையில் கிடைத்த அரைமணி நேரச் சுகத்தை பைக் ஸ்டாண்டை எடுப்பதற்குள் இழந்துவிடுவீர்கள்.

இந்த மெஷின் நாசா கண்டுபிடிப்பு என்ற கதையையும் கேட்டிருப்பீர்கள். விண்வெளியில் முதுகு நீள்வது நிஜம், சிலர் 5 செ.மீ. வரை உயரம் கூடித் திரும்புகிறார்கள். ஆனால் அங்கே முதுகுவலி சர்வசாதாரணம். திரும்பி வந்த அமெரிக்க விண்வெளி வீரர்களுக்கு டிஸ்க் பிதுங்கும் வாய்ப்பு மற்றவர்களைவிட 4 மடங்குக்கு மேல் இருப்பதாக 2010இல் ஓர் ஆய்வு வெளியானது. இதைக் காட்டி மெஷின் விற்பவர்களின் துணிச்சலைப் பாராட்டத்தான் வேண்டும்.

ஆதாரம் என்று பார்த்தால், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் குழு 2013இல் 32 ஆய்வுகளை, கிட்டத்தட்ட 2,760 நோயாளிகளின் விவரங்களை, சேர்த்துப் பார்த்தது. இடுப்பு வலிக்கு, கால் நரம்பு வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், டிராக்‌ஷனால் பெரிய வித்தியாசம் இல்லை என்பதுதான் முடிவு. இங்கிலாந்தில் சிகிச்சை வழிகாட்டுதல் வகுக்கும் நைஸ் அமைப்பு 2016 வழிகாட்டுதலில் இடுப்பு வலிக்கு டிராக்‌ஷன் கொடுக்க வேண்டாம் என்றே எழுதிவிட்டது. அமெரிக்க அரசின் மெடிக்கேர் காப்பீடு 1997 முதலே வாக்ஸ்-டிக்குப் பணம் தருவதில்லை.

அப்புறம் எப்படி இவ்வளவு பேர் 'எனக்குச் சரியாகிவிட்டது' என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. பிதுங்கிய டிஸ்க் பெரும்பாலும் தானாகவே சுருங்கும். வெளியே வந்த ஜவ்வை உடம்பு வேற்றுப்பொருளாகப் பார்க்கிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் வந்து கொஞ்சம் கொஞ்சமாக அதைத் தின்றுவிடுகின்றன, நீர்ச்சத்தும் வற்றுகிறது. இதில் வேடிக்கை, லேசாகப் புடைத்திருப்பதைவிட நன்றாக வெளியே வந்துவிட்ட துண்டுதான் அதிகம் சுருங்கும். 2015இல் வெளியான ஒரு தொகுப்பாய்வின்படி, முழுதாகப் பிரிந்துபோன துண்டுகளில் 96 சதவீதம் சுருங்கின, வெறும் புடைப்பில் 13 சதவீதம்தான். ஸ்கேன் ரிப்போர்ட்டில் 'எக்ஸ்ட்ரூஷன்' (ஜவ்வு நன்றாக வெளியே வந்துவிட்டது) என்ற சொல்லைப் பார்த்து அலறுபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கால் வலி பலருக்கு முதல் 6 முதல் 12 வாரங்களில் கணிசமாகத் தணியும். 20 சிட்டிங் பேக்கேஜும் ஏறக்குறைய அதே காலத்துக்குத்தான் நீளும். பெயர் யாருக்குப் போகும் என்று நான் சொல்லத் தேவையில்லை. சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்த எம்.ஆர்.ஐ. படங்களைச் சுவரில் மாட்டியிருந்தால், இதை மனதில் வைத்துப் பாருங்கள்.

அதற்காக டிராக்‌ஷனைத் தொடவே கூடாது என்பதில்லை. இழுக்கும்போது வலி தணிகிற ஆட்கள் உண்டு, அந்த இடைவெளியில் நடக்கவும் பயிற்சி செய்யவும் முடிந்தால் லாபம்தான். சிட்டிங்குக்குச் சிட்டிங் பணம் வாங்கும் இடமாகப் பாருங்கள். நாலைந்து தடவையில் கால் வலி கெண்டையிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு என்று மேலே ஏறினால் நல்ல அறிகுறி. கீழே இறங்கினால் நிறுத்திவிடுங்கள். மேசையில் இருக்கும்போதே பிதுக்கம் திடீரென்று பெரிதாகி அவசர ஆபரேஷனுக்குப் போன ஒருவரைப் பற்றி அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2003இல் எழுதியிருக்கிறார்கள். அபூர்வம்தான், ஆனால் 'பக்க விளைவே இல்லை' என்பது சரியல்ல. எலும்பு அடர்த்தி குறைந்து வலுவிழக்கும் நோய் (ஆஸ்டியோபோரோசிஸ்), எலும்பு முறிவு, முதுகில் கட்டி அல்லது கிருமித் தொற்று, வயிற்றுப் பெருந்தமனி வீக்கம், கர்ப்பம், முதுகில் ஸ்க்ரூ போட்டிருப்பது, இவற்றில் எது இருந்தாலும் இந்த மேசை வேண்டாம்.

பேக்கேஜ் பணத்தை ஒரு நல்ல பிசியோதெரபிஸ்ட்டிடம் பயிற்சி கற்றுக்கொள்ளச் செலவிடுங்கள். படுத்தே கிடக்காதீர்கள், தாங்கும் அளவுக்கு நடங்கள். ஆனால் சிறுநீர் போக முடியாமல் அடைத்தாலோ, தெரியாமலே போனாலோ, பிறப்புறுப்பைச் சுற்றி மரத்தாலோ, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கினாலோ, அன்றைக்கே நியூரோ சர்ஜன் இருக்கிற ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். அந்த நிலையில் ஆபரேஷனைத் தள்ளிப்போடுவதுதான் ஆபத்து.

கழுத்து விஷயம் கொஞ்சம் வேறு. கழுத்து நரம்பு அழுந்தி வலி கைக்கு இறங்குபவர்களுக்கு, பயிற்சியோடு மெஷின் டிராக்‌ஷனும் சேர்த்தபோது 6 மாதம் கழித்தும் நிலைமை மேலாக இருந்ததாக 2014இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. 86 பேர்தான், சின்ன ஆய்வு. ஆனாலும் கழுத்துக்கு நானே டிராக்‌ஷன் போடுகிறேன், சாதாரண மெஷினே போதும். உங்களுக்குக் கழுத்து வலி கைக்கு இறங்குகிறதா என்று எழுதவில்லை. சட்டைப் பட்டன் போடும்போது விரல் தடுமாறினாலோ நடை தள்ளாடினாலோ தண்டுவடமே அழுந்துகிறதோ என்று முதலில் பார்க்க வேண்டும். அதுவரை கழுத்தை யாரும் இழுக்க விடாதீர்கள்.