முதன்முறையாக இந்தியா செல்வோரின் ரெயில் பயணக் கேள்விகளும் பதில்களும்

திருகோணமலையிலிருந்து முதன்முறையாகக் கடல் கடந்து செல்பவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டுக்கே செல்கின்றனர். கோவில் யாத்திரை, வேளாங்கண்ணி, நாகூர், வேலூர் வைத்தியசாலை என்று நோக்கம் வேறுபட்டாலும், சென்னையில் இறங்கிய பின் எந்த நிலையத்துக்குப் போய் எந்த ரெயிலைப் பிடிப்பது என்ற குழப்பம் எல்லோருக்கும் பொதுவானது. யாத்திரைக் குழுக்களுக்குப் பயண ஒழுங்குகளைச் செய்து கொடுப்பவன் என்ற முறையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன்.

தம்பலகாமத்திலிருந்து ஒருவர்: ஐயா, குடும்பமாக ஆறு பேர் சித்திரை விடுமுறையில் சிதம்பரமும் இராமேஸ்வரமும் போக நினைக்கிறோம். விமானச்சீட்டை முதலில் எடுப்பதா, ரெயில் சீட்டை முதலில் எடுப்பதா?

முதலில் நாட்காட்டியை எடுங்கள். இந்திய ரெயில்களில் பொது ஒதுக்கீட்டுக்கான முன்பதிவு, புறப்படும் நாளுக்கு 60 நாட்களுக்கு முன்னரே திறக்கப்படுகிறது. 2024 நவம்பருக்கு முன் இது 120 நாட்களாக இருந்ததால், பழைய அனுபவத்தை வைத்து ஆலோசனை சொல்பவர்கள் இன்னமும் நான்கு மாதக் கணக்கையே சொல்வார்கள். சித்திரை விடுமுறை நமக்குச் சில நாட்கள்தான்; தமிழ்நாட்டில் அது கோடை விடுமுறைப் பருவத்தின் தொடக்கம். ஆறு படுக்கைகளும் ஒரே பெட்டியில் வேண்டுமென்றால், முன்பதிவு திறக்கும் நாளில் காலை 8 மணிக்கே பதிவு செய்ய ஒருவர் தயாராக இருக்க வேண்டும். விமானச்சீட்டை அதற்கு முன்னரே எடுப்பதில் தவறில்லை. ஆனால் எடுக்கும்போதே, இறங்கும் நாளன்று இரவு ரெயிலில் ஏற வேண்டிய நிலையும், நாடு திரும்பும் நாளன்று காலை ரெயிலிலிருந்து இறங்கி நேரே விமான நிலையத்துக்கு ஓட வேண்டிய நிலையும் வராதபடி திகதிகளை அமைத்துக்கொள்ளுங்கள். முதல் பயணத்தில் சென்னையில் ஓர் இரவு தங்குவது வீண் செலவு அல்ல என்பது என் உறுதியான கருத்து. அன்றே ரெயில் ஏறித்தான் ஆக வேண்டும் என்றால், விமானம் இறங்கும் நேரத்துக்கும் ரெயில் புறப்படும் நேரத்துக்கும் இடையில் ஆறு மணித்தியாலமாவது இருக்கட்டும்.

அடுத்தது நிலையம். சிதம்பரம், கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி, மதுரை, இராமேஸ்வரம் ஆகிய தென்திசை ரெயில்கள் பெரும்பாலும் சென்னை எழும்பூரிலிருந்தோ தாம்பரத்திலிருந்தோ புறப்படுகின்றன. வடக்கும் மேற்கும் செல்பவை பெரும்பாலும் சென்ட்ரலிலிருந்து புறப்படுகின்றன. எழும்பூரும் சென்ட்ரலும் இரண்டு மூன்று கிலோமீட்டர் இடைவெளியில் இருந்தாலும், கடைசி நேரத்தில் தவறான நிலையத்தில் நிற்பவருக்கு அந்தத் தூரமே போதும். விமான நிலையத்தின் எதிரே, வீதியைக் கடந்தால் திரிசூலம் என்ற புறநகர் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து ஒரு பக்கம் தாம்பரத்துக்கும் மறுபக்கம் எழும்பூருக்கும் நேரடியாகவே மின்சார ரெயில் உண்டு. மெட்ரோவும் இருக்கிறது. சென்ட்ரலுக்கு அது மாறாமல் போகும்; எழும்பூருக்கு ஆலந்தூரில் மாற வேண்டும். பெட்டிகளோடு போகும் ஆறு பேருக்கு, அலுவலக நேரத்து மின்சார ரெயிலைவிட மெட்ரோவே நல்லது.

இன்னொன்றையும் கவனியுங்கள். திருச்சிக்குப் போகும் எல்லா ரெயிலும் சிதம்பரத்தைத் தொடுவதில்லை. விழுப்புரத்தில் பாதை இரண்டாகப் பிரிகிறது: ஒன்று விருத்தாசலம், அரியலூர் வழியாக நேரே திருச்சிக்குப் போகிறது, மற்றது கடலூர், சிதம்பரம், மயிலாடுதுறை, கும்பகோணம், தஞ்சாவூர் என்று சுற்றிப் போகிறது. உங்களுக்கு ஏற்ற ரெயில், பாம்பன் புதிய பாலம் திறக்கப்பட்ட 2025 ஏப்ரல் 6ஆம் திகதி தொடங்கிய தாம்பரம் – இராமேஸ்வரம் சேவை. அது சிதம்பரம், மயிலாடுதுறை, திருவாரூர், காரைக்குடி வழியாகச் செல்கிறது. சிதம்பரத்தில் இறங்கித் தரிசனம் முடித்து, மறுநாள் அதே ரெயிலை அங்கிருந்தே பிடிக்கலாம். ஆனால் அதற்கு இரண்டு தனித்தனிச் சீட்டுகள் எடுக்க வேண்டும். 1914இல் திறந்த பழைய பாலத்தின் மேல் ஓடிய போட் மெயிலில், சென்னையிலிருந்து கொழும்பு வரை ஒரே சீட்டில், தனுஷ்கோடியில் கப்பல் மாறித் தலைமன்னாருக்கு வந்த கதையை வீட்டுப் பெரியவர்கள் கேட்டிருப்பார்கள். 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்த வழி முடிந்தது.

பாலையூற்றிலிருந்து ஒருவர்: ஓகஸ்டில் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குப் போக உறவினர் சீட்டு எடுத்து அனுப்பியுள்ளார். இரண்டு பேருக்கு 'சிஎன்எஃப்', இரண்டு பேருக்கு 'ஆர்ஏசி' என்று இருக்கிறது. வேறொரு நாளுக்கு எடுத்த சீட்டில் 'டபிள்யூஎல்' என்று இருக்கிறது. பயணம் செய்யலாமா?

சிஎன்எஃப் என்றால் படுக்கை உறுதி. ஆர்ஏசி என்றால் ரெயிலில் ஏறும் உரிமை உறுதி, படுக்கை உறுதியல்ல. நடைபாதையை ஒட்டிய பக்கவாட்டுக் கீழ்ப்படுக்கையை இரண்டு பேர் இருக்கையாகப் பகிர்ந்து உட்கார வேண்டியிருக்கும். யாராவது சீட்டை இரத்துச் செய்தால் படுக்கை கிடைக்கும். பெரும்பாலும் கிடைத்தும் விடுகிறது. டபிள்யூஎல் என்பது காத்திருப்புப் பட்டியல். இணையத்தில் எடுத்த அத்தகைய சீட்டு, புறப்படுவதற்குச் சில மணித்தியாலங்களுக்கு முன் தயாரிக்கப்படும் இறுதிப் பட்டியலிலும் உறுதியாகாவிட்டால் தானாகவே இரத்தாகிப் பணம் திரும்பிவிடும். அதன் பிறகு அந்தச் சீட்டோடு ஏறுபவர் சீட்டில்லாப் பயணியே. 'இலங்கையிலிருந்து வந்தோம்' என்று சொல்லிப் பயனில்லை. உங்கள் சீட்டில் உள்ள பத்து இலக்க பிஎன்ஆர் எண்ணை வைத்து நிலையை எந்த நேரத்திலும் பார்த்துக்கொள்ளலாம்.

திருவிழா ஓகஸ்ட் 29இல் கொடியேற்றத்தோடு தொடங்கிச் செப்ரெம்பர் 8இல் நிறைவடைகிறது. அந்த நாட்களில் சிறப்பு ரெயில்கள் அறிவிக்கப்படுவதுண்டு. அறிவிப்பு பிந்தி வரும் என்பதால் அவற்றை நம்பிக் காத்திருக்காமல், வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். வேளாங்கண்ணியில் நிலையம் இருந்தாலும் அங்கு வரும் ரெயில்கள் குறைவு. நாகப்பட்டினத்தில் இறங்கிப் பஸ்ஸில் பன்னிரண்டு கிலோமீட்டர் போவதே எளிது.

கிண்ணியாவிலிருந்து ஒருவர்: சேர், நாகூர்க் கந்தூரிக்குக் காங்கேசன்துறைக் கப்பலில் போனால் ரெயிலே தேவைப்படாதல்லவா?

உண்மைதான். நாகப்பட்டினத் துறையிலிருந்து நாகூர் ஐந்தாறு கிலோமீட்டர்தான், ஓட்டோவிலேயே போய்விடலாம். ஆனால் இரண்டு விடயங்களைப் பாருங்கள். 2023 ஒக்டோபரில் தொடங்கிய இந்தச் சேவை நின்று, 2024 ஓகஸ்டில் மீண்டும் தொடங்கியது. வடகீழ்ப் பருவமழைக் காலத்தில் கடல் நிலையைப் பொறுத்து நிறுத்தப்படுவதும் உண்டு. கந்தூரி ஹிஜ்ரி மாதக் கணக்கில் வருவதால், அது கார்த்திகை மார்கழியில் விழும் ஆண்டுகளில் கப்பலை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டாவது, இந்திய இ-விசா குறிப்பிட்ட விமான நிலையங்களிலும் துறைமுகங்களிலும் மட்டுமே ஏற்கப்படும். நீங்கள் இறங்கும் துறைமுகம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்று விண்ணப்பிக்கும் முன் பாருங்கள். இ-விசாவுக்குக் குறைந்தது நான்கு நாட்களுக்கு முன் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நான் சொல்வது இரண்டு வாரங்கள். கப்பல் தவறினால் சென்னைக்கோ திருச்சிக்கோ விமானத்தில் போய், திருவாரூர் வழியாக நாகப்பட்டினத்துக்கு ரெயிலில் வரலாம்.

உப்புவெளியிலிருந்து ஒரு பெண்மணி: அம்மாவை வேலூர் வைத்தியசாலைக்குக் கூட்டிச் செல்கிறேன். ரெயிலில் 'வேலூர்' என்று தேடினால் வேறு ஏதோ வருகிறது.

நீங்கள் தேட வேண்டிய பெயர் காட்பாடி, தங்கச்சி. சென்னை சென்ட்ரலிலிருந்து ஏறத்தாழ 130 கிலோமீட்டர். விரைவு ரெயிலில் இரண்டு மணித்தியாலம். காட்பாடியிலிருந்து வைத்தியசாலை ஏழு கிலோமீட்டர். வேலூர் கண்டோன்மென்ட் என்ற நிலையம் விழுப்புரம் பாதையில் இருக்கிறது. சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் ரெயில்கள் அங்கே போவதில்லை. நோயாளியோடு செல்வதால் இரவுப் பயணத்தைத் தவிர்த்து, பகலில் குளிரூட்டிய இருக்கைப் பெட்டியில் பதிவு செய்யுங்கள். இடைநிலையங்களில் ரெயில் சில நிமிடங்களே நிற்கும். முந்தைய நிலையம் கடந்தவுடனேயே பெட்டிகளைக் கதவருகே கொண்டு வந்துவிட வேண்டும். திரும்பும் சீட்டை இப்போதே எடுக்க வேண்டாம். பரிசோதனைகள் எத்தனை நாள் நீளும் என்பது அங்கே போன பின்தான் தெரியும், புறப்படும் நேரம் நெருங்க நெருங்க இரத்துக் கட்டணமும் ஏறும். இந்த ஒரு வழியில் ரெயில்களும் பஸ்களும் தாராளமாக உள்ளதால் பயமில்லை.

அன்புவழிபுரத்திலிருந்து ஓர் இளைஞர்: அண்ணா, எல்லாவற்றையும் நானே போனில் செய்துகொள்ளலாமா? கடைசி நேரத்துக்குத் தட்கல் இருக்கிறதுதானே?

தட்கல் என்பது புறப்படும் நாளுக்கு முதல் நாள், குளிரூட்டிய பெட்டிகளுக்குக் காலை 10 மணிக்கும் மற்றவற்றுக்கு 11 மணிக்கும் திறக்கும் அவசர ஒதுக்கீடு. 2025 ஜூலை முதல், ஆதார் என்ற இந்திய அடையாள எண் மூலம் உறுதிசெய்த கணக்கிலிருந்து மட்டுமே அதை இணையத்தில் எடுக்க முடியும். எனவே தம்பி, அதை உமது திட்டத்தில் சேர்க்க வேண்டாம். இந்திய ரெயில் சீட்டுகளை விற்கும் ஐஆர்சிடிசி இணையத்தளத்தில் வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கத்தோடு கணக்குத் திறக்க முடியும், ஆனால் நம் வங்கி அட்டைகள் அங்கே சில வேளை வேலை செய்யும், சில வேளை செய்யாது. கடைசி நேரத்தில் அதைப் பரீட்சித்துப் பார்க்காமல், இரண்டு வாரம் முன்னரே ஒரு மலிவான சீட்டை எடுத்துப் பாரும். அது சரிவராவிட்டால் அங்குள்ள உறவினரையோ அங்கீகாரம் பெற்ற முகவரையோ நாட வேண்டியதுதான்.

உறவினர் எடுத்தாலும், நாட்டினம் என்ற இடத்தில் இலங்கை என்றும், கடவுச்சீட்டு இலக்கத்தைப் பிழையில்லாமலும் நிரப்பச் சொல்லும். நாமும் தமிழர்தானே என்று சிலர் இந்தியர் என்றே நிரப்பிவிடுகிறார்கள். பரிசோதகர் அடையாள அட்டை கேட்கும்போது கடவுச்சீட்டை நீட்டினால் சங்கடம் நமக்குத்தான். வெளிநாட்டுப் பயணிகளுக்கென்று சில ரெயில்களில் தனி ஒதுக்கீடும் உண்டு. அதைப் பற்றிச் சென்னை சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் கட்டட முன்பதிவு நிலையத்தில் கடவுச்சீட்டோடு போய்க் கேட்கலாம்.

சாம்பல்தீவிலிருந்து ஒரு பெரியவர்: எனக்கு முழங்கால் வருத்தம். மேல் படுக்கையில் ஏற முடியாது. கீழ்ப்படுக்கை கிடைத்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

ஸ்லீப்பர் எனப்படும் குளிரூட்டாத படுக்கை வகுப்பிலும் குளிரூட்டிய மூன்றடுக்குப் பெட்டியிலும் எட்டுப் படுக்கைகள் ஒரு பிரிவு, ஐயா. உங்கள் படுக்கை எண்ணை எட்டால் வகுத்து மீதியைப் பாருங்கள். 1 அல்லது 4 என்றால் கீழ், 2 அல்லது 5 என்றால் நடு, 3 அல்லது 6 என்றால் மேல், 7 என்றால் பக்கவாட்டுக் கீழ், மீதியே இல்லையென்றால் பக்கவாட்டு மேல். உதாரணமாக 25 கீழ்ப்படுக்கை. 32 பக்கவாட்டு மேல். பதிவு செய்யும்போது உங்கள் வயதைச் சரியாக நிரப்பினால் முதியோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீட்டில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். பேரப்பிள்ளைகளோடு ஒரே சீட்டில் ஆறு பெயரைச் சேர்ப்பதைவிட, நீங்களும் உங்கள் மனைவியும் மட்டும் தனிச் சீட்டில் பதிவு செய்வது அந்த வாய்ப்பைக் கூட்டும். அப்படியும் மேல் படுக்கையே வந்துவிட்டால், பெட்டியில் உள்ள இளைஞரிடம் மரியாதையாகக் கேளுங்கள், மறுப்பவர்கள் அபூர்வம்.

ஸ்லீப்பர் மலிவு, யன்னல் திறக்கலாம். ஆனால் சித்திரை வைகாசி வெப்பத்தில் அது உங்களுக்கு ஆகாது. மூன்றடுக்குக் குளிரூட்டிய பெட்டியில் போர்வையும் விரிப்பும் தருவார்கள். இவ்விரு வகுப்பிலும் ஒருவர் 40 கிலோ வரை பொதி கொண்டு போகலாம். அது ஏட்டில் உள்ள அளவு. படுக்கைக்கு அடியில் தள்ளக்கூடிய அளவே உண்மையான அளவு.

கன்னியாவிலிருந்து ஒருவர்: நான்கு வயதுப் பிள்ளைக்கும் எட்டு வயதுப் பிள்ளைக்கும் சீட்டு வேண்டுமா?

ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குத் தனிப் படுக்கை கேட்காவிட்டால் சீட்டுத் தேவையில்லை. எட்டு வயதுப் பிள்ளைக்குப் படுக்கை வேண்டுமென்றால் முழுக் கட்டணம், வேண்டாமென்றால் அரைக் கட்டணம். இரவுப் பயணத்துக்கு முழுக் கட்டணத்தையே கட்டுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு குருசாமி: சபரிமலைக்கு எந்த நிலையம்?

செங்கன்னூர் அல்லது கோட்டயம், சாமி. பம்பைக்கு ரெயில் இல்லை. செங்கன்னூரிலிருந்து அரச பஸ்கள் போகின்றன. மண்டல காலத்தில் 60 நாள் கணக்கை ஒரு நாள்கூடத் தவறவிட வேண்டாம்.

நகரத்திலிருந்து ஒருவர்: சீட்டில் '12ஆம் திகதி 00:15' என்று போட்டிருக்கிறது. 12ஆம் திகதி இரவு போனால் சரிதானே?

சரியல்ல. அது 11ஆம் திகதி இரவு 12 மணியைக் கடந்து வரும் பதினைந்தாவது நிமிடம். நீங்கள் 11ஆம் திகதி இரவு 11 மணிக்கே நிலையத்தில் இருக்க வேண்டும். 12ஆம் திகதி இரவு போனால் ரெயில் ஏறத்தாழ ஒரு நாள் முன்னரே போயிருக்கும். இடைநிலையத்தில் ஏறுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்: சென்னையில் 11ஆம் திகதி இரவு புறப்படும் ரெயில் நீங்கள் ஏறும் நிலையத்துக்கு 12ஆம் திகதி அதிகாலை வரலாம். குழுவாகப் போகும்போது, ஒவ்வொரு சீட்டின் மேலும் 'புதன் இரவு சாப்பாட்டுக்குப் பிறகு' என்பது போலக் கையால் எழுதி வைக்கச் சொல்கிறேன். நள்ளிரவுக்கும் காலை 4 மணிக்கும் இடையே உள்ள எந்தச் சீட்டையும் பதிவு செய்தவரைத் தவிர இன்னொருவரும் வாசித்துப் பார்க்கட்டும். நல்லவேளையாக இரு நாட்டுக்கும் ஒரே நேரம்தான். கடிகாரத்தைத் திருப்பும் வேலை இல்லை.

அதே நகரத்திலிருந்து இன்னொருவர்: திருகோணமலையிலிருந்து கட்டுநாயக்காவுக்கு இரவு ரெயிலில் போய்க் காலை விமானத்தைப் பிடிக்கலாமா?

கல்லோயா, மாகோ வழியாகச் செல்லும் இரவு ரெயில் கொழும்புக்குப் போகிறதே தவிர விமான நிலையத்துக்குப் போவதில்லை. கம்பஹாவில் இறங்கி வாகனம் பிடிக்கலாம். அங்கு நிற்குமா, அன்று ஓடுகிறதா என்பதை நிலையத்தில் முன்கூட்டியே கேளுங்கள். பிற்பகல் விமானத்துக்கு அது பொருந்தும். காலை விமானம் என்றால், தம்புள்ளை, குருணாகல் வழியாக முதல் நாள் பகலிலேயே வீதியால் போய் நீர்கொழும்பில் தங்கிவிடுங்கள்.