சண்டைக் காட்சிகளை நம்பாத திரைப்படத்தை வீடியோ கேமாக மாற்ற முடியுமா?

துரத்தலையும் துப்பாக்கிச் சண்டையையும் நம்பாத திரைப்படங்களிலிருந்து வழக்கத்துக்கு மாறான வீடியோ கேம்களை உருவாக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் கதையை அப்படியே எடுத்துக்கொள்வதைவிட, படம் தன் பாத்திரங்களுக்கு விதித்திருக்கும் கட்டுப்பாட்டையே விளையாட்டின் விதியாக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

அகிரா குரோசாவா 1950-இல் இயக்கிய 'ராஷோமோன்' எனக்கு முதலில் தோன்றும் படம். காட்டில் நேர்ந்த ஒரு மரணத்தை நான்கு பேர் நான்கு விதமாக விவரிக்கிறார்கள்; கொள்ளையனின் கூற்றில் வீரம் மிக்க வாட்போர், விறகுவெட்டியின் கூற்றில் இருவரும் அஞ்சி நடுங்கித் தடுமாறும் அலங்கோலமாகிறது. விளையாட்டில், கொள்ளையன் சொல்லும்போது பொத்தானை அழுத்திய கணமே துல்லியமாகப் பாயும் வாள், விறகுவெட்டி சொல்லும்போது அதே பொத்தானுக்குத் தாமதமாகவும் தவறாகவும் அசைய வேண்டும். சொல்பவரின் தற்பெருமையை ஆட்டக்காரர் தம் விரல்களாலேயே உணர்வார்; இது திரைப்படத்தால் தர முடியாத அனுபவம். முடிவில் சரியான விடை என்று எதையும் காட்டிவிடக் கூடாது. காட்டினால் அந்தப் படத்தின் உயிரே போய்விடும்.

'12 ஆங்ரி மென்' (1957) படத்தில் ஒரு கொலை வழக்கில் தீர்ப்புச் சொல்ல வேண்டிய பன்னிரண்டு ஜூரிகள் ஓர் அறையில் விவாதிக்கிறார்கள்; முதல் வாக்கெடுப்பு, குற்றவாளி என்று 11 பேர், இல்லை என்று ஒருவர் என அமைகிறது. அந்த ஒருவராக ஆடும் ஆட்டக்காரரின் ஒரே கருவி, யாரிடம் எப்போது எந்தக் கேள்வியைக் கேட்பது என்பதுதான். அவசரப்பட்டால் எதிரிலிருப்பவர் இன்னும் பிடிவாதமாகிவிட வேண்டும்.

ஹிட்ச்காக்கின் 'ரியர் விண்டோ' (1954) இன்னும் எளியது. கால் முறிந்து, அண்டை வீட்டுச் சன்னல்களைப் பார்த்தபடியே இருக்கும் நாயகனைப் போல ஆட்டக்காரரும் நாற்காலியை விட்டு எழ முடியாது. ஒரு சன்னலைக் கவனிக்கும் நேரத்தில் மற்றச் சன்னல்களில் நடப்பவை அவருக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும்.