பச்சோந்தி வளர்ப்பு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஈரப்பதம் குறையக்கூடாது என்பதால் கண்ணாடித் தொட்டியில் நாள் முழுக்க ஃபாகர் (பனிமூட்டம் போல ஈரத்தைப் பரப்பும் கருவி) ஓடுகிறது. ஒரு வாரமாக எங்கள் வெயில்டு (veiled) இனப் பச்சோந்தி தலையை மேலே தூக்கி, வாயைத் திறந்து மூச்சு விடுகிறது. ‘டிக் டிக்’ என்று சத்தமும் கேட்கிறது. தண்ணீர் போதவில்லையா?

பதில்: போதாமல் இல்லை, அளவு மீறிவிட்டது. சூடு தரும் விளக்குக்கு அடியில் மட்டும் வாயைத் திறந்து, நகர்ந்ததும் மூடிக்கொண்டால் அது வெறும் சூடு. சத்தத்தோடு, நிழலிலும் தலையைத் தூக்கி மூச்சு வாங்கினால் நுரையீரல் தொற்று என்றே எடுத்துக்கொள்ளுங்கள். தானாகச் சரியாகாது. ஊர்வனவற்றைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் தாமதிக்காமல் கொண்டு போங்கள்.

தவறு ஈரம் கொடுத்ததில் இல்லை, கொடுத்த நேரத்திலும் அளவிலும். சூடு, ஈரம், நகராத காற்று மூன்றும் சேர்ந்தால் கிருமி பெருகும். பகலில் 40 முதல் 50 சதவீத ஈரப்பதம் தாராளம். இரவில் 80-ஐத் தாண்டினாலும் பாதகமில்லை, ஆனால் அப்போது கூண்டு குளிர்ந்திருக்க வேண்டும். விளக்கு அணைந்ததும் இரண்டு நிமிடம் தண்ணீர் தெளியுங்கள். ஃபாகரை நள்ளிரவுக்குப் பின் ஓடவிட்டு, விடியும்முன் நிறுத்துங்கள். விளக்கு எரிவதற்குச் சற்று முன் மறுபடி இரண்டு நிமிடத் தெளிப்பு. நண்பகலுக்குள் இலைகள் காய்ந்திருக்க வேண்டும். காயவில்லை என்றால் காற்றோட்டம் போதவில்லை. இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்காத அறையில் ஃபாகரே வேண்டாம், தெளிப்பு மட்டும் போதும்.

வளர்ந்த வெயில்டுக்கும் பாந்தர் (panther) இனப் பச்சோந்திக்கும் 60 × 60 × 120 செ.மீ. வலைக்கூண்டு நல்ல அளவு. உயரத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். அறை ரொம்ப வறண்டிருந்தால் பின்பக்கத்தையும் இரு பக்கவாட்டுகளையும் பிளாஸ்டிக் தகட்டால் மூடலாம். முன்பக்கமும் மேற்கூரையும் வலையாகவே இருக்கட்டும். கண்ணாடிதான் வேண்டும் என்றால், கீழே காற்றுத் துளையும் மேலே வலையும் உள்ளதாகப் பாருங்கள். சூடான காற்று மேலே போக, கீழிருந்து புதுக்காற்று ஏறும்.

கேள்வி: கிண்ணத்தில் வைத்த தண்ணீரைத் தொடுவதே இல்லை. எப்படிக் குடிக்க வைப்பது?

பதில்: அசையாத தண்ணீரைப் பெரும்பாலான பச்சோந்திகள் கண்டுகொள்வதில்லை. இலை நுனியில் தொங்கும் துளியைத்தான் நக்கும். கிண்ணத்தை எடுத்துவிடுங்கள், அது கிருமி வளர்க்கும் இடம். போதுமான அளவு குடிக்கிறதா என்பதை எச்சத்தில் பார்க்கலாம்: பழுப்பு நிறக் கழிவோடு வரும் யூரேட் (கெட்டியான சிறுநீர்க் கழிவு) வெள்ளையாக இருந்தால் சரி. நுனியில் கொஞ்சம் மஞ்சள் இருந்தாலும் கவலையில்லை. முழுக்க ஆரஞ்சாகி, கண்கோளங்களும் உள்வாங்கியிருந்தால் நீர் வறட்சி. இரவுத் தெளிப்பைக் கூட்டுங்கள். பலவந்தமாக வாயில் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் இறங்கிவிடும்.

கேள்வி: நான்கு மாதக் குட்டி. முன்னங்கால்கள் வளைகின்றன, நாக்கை வீசினால் இரை தப்பிவிடுகிறது. கால்சியம் கொடுக்கிறோம், ஜன்னலோரம்தான் கூண்டு இருக்கிறது.

பதில்: ஜன்னல் கண்ணாடி, வெயிலில் உள்ள யூவிபி என்ற புறஊதாக் கதிரை ஏறக்குறைய முழுவதுமாகத் தடுத்துவிடும். அந்தக் கதிர் படாவிட்டால் உடலில் வைட்டமின் டி3 உருவாகாது. டி3 இல்லாமல் கொடுக்கிற கால்சியம் எலும்புக்குப் போய்ச் சேராது. நீங்கள் சொல்வது எலும்பு மெலிவு நோயின் அடையாளம். வளைந்தது முழுதாக நிமிராது, ஆனால் மேற்கொண்டு வளையாமல் நிறுத்தலாம். மருத்துவரிடம் காட்டிவிட்டு விளக்கை மாற்றுங்கள்.

வேண்டியது கூண்டின் அகலத்துக்கு நீளும் டி5 ஹெச்.ஓ. (T5 HO, மெல்லிய, அதிக ஒளி தரும்) குழல் விளக்கு, 6 சதவீத யூவிபி. திருகு பல்பு மாதிரி வரும் சுருள் விளக்குகள் ஓரிடத்தில் மட்டுமே கதிரைக் கொட்டும், அவற்றைத் தவிர்ப்பது நல்லது. குழலை மேல் வலைமீது வைத்து, சூட்டு விளக்கின் கீழே வெயில் காயும் கிளையில் உட்கார்ந்த பச்சோந்தியின் முதுகு அதற்கு 20 முதல் 23 செ.மீ. கீழே இருக்குமாறு கிளையைக் கட்டுங்கள். அளக்க வேண்டியது முதுகு வரை, கிளை வரை அல்ல. தினம் 12 மணி நேரம். வருடத்துக்கு ஒருமுறை குழலை மாற்றுங்கள்; கண்ணுக்குப் பளிச்சென்று தெரிந்தாலும் யூவிபி வடிந்துபோயிருக்கும்.

டி3 கலக்காத கால்சியத்தை ஒவ்வொரு வேளையும் பூச்சிமீது மெல்லியதாகத் தூவுங்கள். டி3-யும் வைட்டமின் ஏ-யும் சேர்ந்த பொடி இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும், மிஞ்சினால் அதுவும் கேடு. பூச்சியின் அளவு குட்டியின் தலை அகலத்தைத் தாண்டக்கூடாது.

கேள்வி: கூண்டுக்குள் என்னென்ன செடி வைக்கலாம்? மணி பிளான்ட் அழுகிவிட்டது, செம்பருத்தியை மென்று தின்றுவிட்டது.

பதில்: வெயில்டு இலை தின்னும் ஜாதி. அதனால் ‘தின்றாலும் பரவாயில்லை’ என்ற செடிகளை மட்டும் வையுங்கள். செம்பருத்தி அருமையான தேர்வு, பூவையும் விடாது. மணி பிளான்ட்டும் ஷெஃப்லேராவும் வளர்ப்பவர்கள் பரவலாக வைப்பவை. அரளி, எருக்கு, டிஃபன்பாக்கியா மூன்றும் கூண்டுப் பக்கமே வரக்கூடாது.

நர்சரியிலிருந்து வாங்கிய அன்றே உள்ளே வைக்காதீர்கள். இமிடாகுளோப்ரிட் போன்ற பூச்சி மருந்துகள் வேர் வழியாக இலைக்குள்ளேயே ஏறியிருக்கும், கழுவினால் போகாது. வேரிலிருந்து பழைய மண்ணை உதறி, உரமும் பெர்லைட்டும் (மண்ணில் கலக்கும் வெள்ளை நுரைக்கல் துணுக்கு) இல்லாத மண்ணில் நட்டு, சில மாதம் வெளியே வளருங்கள். புதுத் துளிர் நன்றாக விரிந்த பிறகு உள்ளே கொண்டு போகலாம். பொறுமை இல்லாதவர்கள் வெட்டுத்தண்டிலிருந்து தாங்களே வளர்த்துக்கொள்வது உத்தமம்.

அழுகியதற்குக் காரணம் எளிது: தெளிக்கும் தண்ணீரெல்லாம் தொட்டியில்தானே விழுகிறது, அதற்கு மேல் நீங்களும் ஊற்றியிருப்பீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். உள்ளே காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள். மேல்மண்ணை, பச்சோந்தி விழுங்க முடியாத பெரிய கூழாங்கற்களால் மூடுங்கள். தவறி வாயில் போகும் சிறு கல் குடலை அடைத்துவிடும்.

கிளைகளை நேரடியாக வலையில் தொங்கவிடாதீர்கள், வலை பிய்ந்துவிடும். சட்டத்தில் கேபிள் டையால் கட்டுங்கள். சுண்டுவிரல் பருமனிலிருந்து கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்தது வரை பலவிதமாக, பெரும்பாலும் படுக்கைவாட்டில். மேல் மூலையில் ஒரு பக்கம் இலை அடர்த்தியாக இருக்கட்டும். ஒளிய இடமில்லாத பச்சோந்தி சாப்பிடாது.

கேள்வி: பெண் வெயில்டு. ஆணோடு சேரவே இல்லை. இரண்டு நாளாகத் தொட்டி மண்ணைக் கிளறுகிறது.

பதில்: முட்டையிடப் போகிறது. வெயில்டு பெண் இணை சேராமலே முட்டை இடும். இன்றைக்கே 30 செ.மீ. அகல ஆழமுள்ள வாளியில் கழுவிய மணலை 20 செ.மீ. உயரத்துக்கு நிரப்புங்கள். விரலால் சுரங்கம் போட்டால் சரியாமல் நிற்கும் அளவு ஈரம் வேண்டும். அதைக் கூண்டில் வைத்து, முன்பக்கத்தைத் துணியால் மறைத்துவிடுங்கள். உங்களைப் பார்த்துவிட்டால் பாதியில் குழியை விட்டு வெளியேறும். அப்படி முட்டை உள்ளேயே தங்கினால் உயிருக்கே ஆபத்து. பகலில் கண்ணை மூடித் தரையில் கிடந்தால் அன்றே மருத்துவர்.

இனிமேல் வெயில் காயும் இடத்தை 27 டிகிரியில் வையுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் மூன்று நான்கு பூச்சிகள் மட்டும். சூடும் தீனியும் கூடினால் முட்டைகளின் எண்ணிக்கையும் கூடும். பாசத்தில் அள்ளிக் கொடுப்பவர்கள்தான் இங்கே அதிகம் கெடுக்கிறார்கள்.

கேள்வி: துணைக்கு இன்னொன்று வாங்கி ஒரே கூண்டில் விடலாமா?

பதில்: கூடாது. சண்டை கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் ஒன்று மெலியும். இரண்டு கூண்டு வைத்தாலும் நடுவே தடுப்பு வேண்டும்.

கேள்வி: காலையில் கருத்துப் போகிறது, நோயா?

பதில்: வெயில் காயும்போது கருத்தால் இயல்பு, அடர்நிறம் சூட்டை உறிஞ்சும். நாள் முழுக்கக் கருப்பாகவே இருந்தால் குளிரோ பயமோ இருக்கும். கண்ணாடியில் தெரியும் தன் பிம்பமே போதும் அதற்கு. பின்புலத்துக்கு ஏற்ப நிறம் மாறும் என்பது பெரும்பாலும் கதை. பாந்தரின் தோலில் உள்ள நுண்படிகங்களின் இடைவெளி விரிந்து சுருங்குவதால் நிறம் மாறுகிறது என்று 2015-ல் ஜெனீவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

கேள்வி: தெளிக்கும் தண்ணீர் தரையெல்லாம் ஓடுகிறது. நாசிலும் அடிக்கடி அடைக்கிறது.

பதில்: கூண்டைத் துளையிட்ட தட்டின் மீது ஏற்றி, துளையிலிருந்து குழாயை வாளிக்கு இறக்குங்கள். வாளியைத் தினம் கொட்டிவிடுங்கள். அடைப்புக்கு உப்புத்தண்ணீர்தான் காரணம். நாசிலைக் கழற்றி வினிகரில் ஓர் இரவு ஊறவைத்துக் கழுவுங்கள், இனி ஆர்.ஓ. தண்ணீர் ஊற்றுங்கள். இலைமேல் படியும் வெள்ளைக் கறையும் நின்றுவிடும்.