சுவிட்ச் பழுதா, கேபிள் பழுதா?

கேள்வி: எங்கள் சிறிய அலுவலகத்தில் கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும், எட்டு போர்ட் (கேபிள் செருகும் துளை) கொண்ட பழைய 100 எம்பிபிஎஸ் நெட்வொர்க் சுவிட்ச் இருக்கிறது. சில நாள்களாக இணைப்பு அடிக்கடி அறுந்துபோகிறது. புதிய ஜிகாபிட் (1000 எம்பிபிஎஸ்) சுவிட்ச் ஒன்றை வாங்கி, நான்கு கண்காணிப்புக் கேமராக்களுக்கும் ஒரு வைஃபை அக்சஸ் பாயின்ட்டுக்கும் அதிலிருந்தே மின்சாரம் கொடுக்க எண்ணுகிறோம். எதைப் பார்த்து வாங்குவது?

பதில்: பணம் செலவழிப்பதற்கு முன், பழுது சுவிட்சில்தான் இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இணைப்பு அறும் நேரத்தில் எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்து மீண்டும் எரிந்தால், பெரும்பாலும் அடாப்டர்தான் தளர்ந்திருக்கும். அதே வோல்ட்டும் அதே முனையமைப்பும் குறையாத ஆம்பியரும் உள்ள வேறொன்றை மாட்டிப் பார்க்கலாம். ஒரே ஒரு விளக்கு மட்டும் அணைகிறது என்றால் அந்தக் கேபிளை வேறு போர்ட்டில் செருகுங்கள். கோளாறும் கூடவே வந்தால் சுவிட்சின் மீது குற்றமில்லை.

கேமராக்களுக்கு மின்சாரமும் தர வேண்டும் என்பதால் எப்படியும் புதியது தேவைப்படும். இங்கேதான் பலர் போர்ட்டுகளை எண்ணிவிட்டு வாட்டை எண்ண மறந்துவிடுகிறார்கள். நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரம் தருவதற்கான தரங்களில், 802.3ஏஎஃப் தரத்தில் ஒரு போர்ட் 15.4 வாட் வரையிலும், 802.3ஏடி தரத்தில் 30 வாட் வரையிலும் தரும். ஆனால் எல்லா போர்ட்டுகளுக்கும் சேர்த்து ஒரு மொத்த வரம்பு உண்டு, அது பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருக்கும். கேமரா ஒன்றுக்கு 10 வாட், அக்சஸ் பாயின்ட்டுக்கு 20 வாட் என்று வைத்தாலே 60 வாட் ஆகிவிடுகிறது. பகலில் ஒழுங்காக ஓடிய கேமரா, இருட்டியதும் அகச்சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியவுடன் அணைந்துபோவது இந்தக் கணக்குப் பிசகினால்தான். ஆகவே 90 வாட்டுக்குக் குறையாததை வாங்குங்கள். எட்டு போர்ட்டிலும் மின்சாரம் வருமா, நான்கில் மட்டுமா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜிகாபிட் வேகத்துக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இரண்டு ஜோடியே போதும் என்பதால், இரண்டை மட்டும் முனையில் கிரிம்ப் செய்த (இறுக்கிப் பொருத்திய) பழைய கேபிள்கள் புதிய சுவிட்சிலும் 100-ஐத் தாண்டாது. 100 மீட்டருக்குள் கேட் 5இ வகைக் கேபிள் போதுமானது. செம்பு பூசிய அலுமினியக் கம்பியைத் தவிர்த்து, முழுச் செம்பையே கேளுங்கள்.

கேமராக்களை அலுவலகக் கணினிகளிலிருந்து தனி விலானாக (ஒரே சுவிட்சுக்குள் தனித்தனி வலையமைப்பாக) பிரிக்கும் எண்ணம் இருந்தால் மட்டுமே, அமைப்புகளை நாமே மாற்றக்கூடிய மேனேஜ்டு வகைக்குக் கூடுதல் பணம் கொடுங்கள். வாங்கினால் முதல் வேலையாக அந்தச் சுவிட்சின் கடவுச்சொல்லை மாற்றுங்கள்.

மாற்றும் நாளில், கேபிள்களைப் பிடுங்குவதற்கு முன் ஒரு புகைப்படம் எடுத்து, ஒவ்வொன்றிலும் எண் ஒட்டிக்கொள்ளுங்கள். அவசரத்தில் ஒரே கேபிளின் இரு முனைகளையும் அதே சுவிட்சில் செருகிவிடுவது உண்டு (எங்கள் அலுவலகத்திலும் இது நடந்திருக்கிறது). அப்போது விளக்குகள் எல்லாம் ஒன்றாகப் படபடவென்று மின்னும், ஒரு கணினியும் வேலை செய்யாது. அந்தக் கேபிளைக் கழற்றியதுமே சரியாகிவிடும்.